ஷட்டர் இறங்கிய மத்தியானம்

மினி வேன்காரன் ஆயிரத்து எண்ணூறு கேட்டான்.
"தண்ணி சும்மாதானே போவுது" என்றார் டில்லிபாபு.
அப்படித்தான் முடிவானது,
அணைக்கட்டில் வாங்கிய பழைய பரிசலைக்
காவேரிப்பாக்கம் ஏரி வரைக்கும்
கால்வாயிலேயே ஓட்டிப் போவதென்று.

ஓட்டுவது என்று சொல்லக் கூடாது.
அது சுற்றியது.
கிரைண்டர் கல்லைப் போல
எங்களை நடுவில் போட்டுச்
சுற்றிக்கொண்டே நகர்ந்தது.
வாலாஜா ஒருமுறை என் எதிரில் வந்தது,
ஒருமுறை முதுகுக்குப் பின்னால் போனது.
துணி துவைத்துக்கொண்டிருந்தவள்
நுரைக் கையோடு நிமிர்ந்து
"எந்த ஊரு நீங்க?" என்றாள்.
வாயைத் திறப்பதற்குள் என் முகம் திரும்பிவிட்டது.
முதுகாலேயே பதில் சொன்னேன்.

வேலிகாத்தான் முள் இருபக்கமும்
பிளாஸ்டிக் கவர்களைக் கட்டிக்கொண்டு நின்றது.
தூரத்தில் பெங்களூர் ரோட்டில்
லாரிகள் ஒன்றையொன்று திட்டிக்கொண்டிருந்தன.
எங்களை ஒரு வாத்துக் கூட்டம்
முந்திக்கொண்டு போனது.

மூன்றாவது மதகு தாண்டி ஒற்றைப் புங்கமரம்.
"தோ, இங்க நிக்கலாம் அமுலு."
வேரில் கயிறு கட்டினார்,
மாட்டுக்குப் போடுகிற அதே முடிச்சு.

தூக்கில் எனக்குப் புளிச்சோறு,
அவருக்குத் தயிர்ச்சோறு.
பதினோரு வருஷம் தோல் ஷாப்பில்
குரோம் தொட்டிக்குள் போய்வந்த கை.
வெடிப்பில் புளி பட்டால் எரியும்.
வேலையை விட்டு ஏழு மாசம் ஆகியும்
நகத்தோரத்தில் அந்த நீலம்
குடியிருக்கிறது.
அதோடு ஆற்காட்டு மக்கன் பேடா இரண்டு.
ஒன்றைப் பாதியாக்கித் தின்றோம்,
இன்னொன்றை ராத்திரிக்கு என்று
இலையில் மூடி வைத்தேன்.

நான் ஷூ கம்பெனி பஸ்ஸில் ஏறும்போது
அவர் நைட் ஷிப்ட் முடிந்து வருவார்.
எங்களுக்கு ஒரே பாய்.
ஒருத்தர் விட்டுப்போன சூட்டில்
இன்னொருத்தர் படுத்து எழுவோம்.
சண்டை போடக்கூட
ஞாயிற்றுக்கிழமை வர வேண்டும்.
அவர் குறட்டை விடுவார் என்பது
பக்கத்து வீட்டு தேசம்மா சொல்லித்தான்
எனக்குத் தெரியும்.

இன்றைக்குக் கம்பெனிக்குப் போன் செய்து
வயிற்றுவலி என்றிருந்தேன்.

பரிசலுக்குள்ளேயே படுத்தோம்.
வட்டத்தில் இரண்டு பேர் படுப்பதென்றால்
கொஞ்சம் வளைந்துகொள்ள வேண்டும்.
தண்ணீர் அடியில் தட்டித் தட்டிப் பார்த்தது.
புங்கம்பூ ஒன்று அவர் காதில் விழுந்தது,
எடுக்கவில்லை.
குறட்டை வந்தது.
தேசம்மா சொன்ன அளவுக்கு மோசமில்லை,
நடுவில் ஒரு விசில் மட்டும்.
அதை எண்ணிக்கொண்டே
எப்போது தூங்கினேன் என்று தெரியவில்லை.

விழித்தபோது வானம் சாய்ந்திருந்தது.
இல்லை, நாங்கள்தான் சாய்ந்திருந்தோம்.
பரிசல் சேற்றில் ஒரு தோளை ஊன்றி நிற்க,
கால்வாயின் நடுவில்
இடுப்புக்கயிறு அகலத்துக்கு ஒரு ஈரம்.
கெண்டைக்குஞ்சு நாலைந்து அதில் துள்ளின.

கரையில் சைக்கிளை நிறுத்தி
லஸ்கர் எட்டிப் பார்த்தார்.
"ஷட்டர இறக்கியாச்சு. நாளைக்குப் பத்து மணிக்குத்தான் தூக்குவாங்க.
தூங்கினு இருந்தீங்க, எழுப்ப மனசு வரல."

மனசுக்குள் கணக்குப் போட்டேன்.
வேன் வாடகை மிச்சம்.
இன்றைய கூலி போச்சு, நாளைக்கும் போனால்
அட்டெண்டன்ஸ் போனஸும் போச்சு.
கணக்கு எந்தப் பக்கமும் நேராக நிற்கவில்லை,
பரிசல் மாதிரியே.

டில்லிபாபு இறங்கவில்லை.
சேற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
"இன்னா பண்றது" என்று சொல்லி
சரிந்த பக்கமே புரண்டு படுத்தார்.
சரிவு என்னையும் அங்கேயே தள்ளியது.

மூடி வைத்த பேடாவில் எறும்பு.
ஊதி ஊதித் தின்றோம்.

சூப்பர்வைசர் நம்பரைத் தேடியபடி
வயிற்றைத் தடவிப் பார்த்தேன்.
லேசாக வலிப்பது போலத்தான் இருந்தது.