இடது பக்கம் திரும்பினால்

ஐந்து மணிக்குக் கைமாறும் எங்கள் டாக்சி.
ஈசூனில், புளோக்குக்குக் கீழே,
நான் சாவியை நீட்டுவேன், அவன் வாங்குவான்.
மூன்று வருடத்தில் சுல்கிப்ளியும் நானும்
பேசியதையெல்லாம் கூட்டினால்
ஒரு மத்தியானம் தேறாது.

மற்றதெல்லாம் ரசீதின் முதுகில்,
பாதி மலாய், பாதி ஆங்கிலம்:
முன் டயரில் காற்று குறைவு.
பின் சீட்டில் வாந்தி, கழுவிவிட்டேன், வாடை போகவில்லை.
பெட்ரோல் போட மறந்தாயா?
போன செவ்வாய் மட்டும்
இடது பக்கம் திரும்பினால் சத்தம்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.
என் பகல் ஒரு நேர்க்கோடு.
சாங்கி, தீவு விரைவுச்சாலை, பெட்டிகள்,
கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கும் பயணிகள்.
அவன் இரவு கேலாங்கின் லோரோங்குகளில்
சந்து சந்தாய் ஒடித்துத் திரும்பும்.
உன் காதைக் கவனி என்று எழுதினேன்.
உன் கையைக் கவனி என்று பதில்.
அடியில் இன்னொரு வரி:
எந்தக் கல்லில் ஏற்றினாய்?

அந்த வரியை
நான்காய் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

தேய்மானம் என்றால் கம்பெனி கட்டும்.
இடித்தது என்றால் நாங்கள்.

சனிக்கிழமை, கார்ப்பேட்டையின் மொட்டை மாடி.
வெயிலுக்குப் பயந்து ஒரு வண்டியும் இல்லை.
ஸ்டியரிங்கை இடது கடைசிவரை ஒடித்து
நடக்கிற வேகத்தில் வட்டம் போட்டேன்.
அவன் குனிந்து, ஒரு கையால் கதவைப் பிடித்து,
சக்கரத்தோடு சக்கரமாய் வந்தான்.
எதிர் புளோக்கில்
மூங்கில் கழியில் துணி கோத்துக்கொண்டிருந்த இரண்டு பேர்
கோப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

முதலில் கேட்டது கதவுப்பையில் உருண்ட இருபது காசு.
எடுத்தேன்.
பிறகு டிக்கியில் யாரோ மறந்த குடை.
எடுத்தான்.
பிறகுதான் அது.
டக். டக். டக்டக்டக்.
பரீட்சை மண்டபத்தில் எவனோ
பேனாவின் தலையை அழுத்தி அழுத்தி விடுவதுபோல்.
வேகம் கூட்டினால் அவசரம் கூடியது.
நேராக்கினால் வாய் மூடியது.
வலது பக்கம் திருப்பினேன், பேச்சே இல்லை.

கேட்டுச்சா? என்றான், மூச்சு வாங்க.
கேட்டது.
அவன் இடது சக்கரத்தின் பக்கம் போய் உட்கார்ந்தான்.
என் வயிறு அங்கேயே போய் உட்கார்ந்தது.

காக்கி புக்கிட், கம்பெனிப் பட்டறை.
பூன் ஹெங் வண்டியைத் தலைக்கு மேல் தூக்கினான்.
இடது பக்கம் விளக்கடித்தான், தட்டினான், விட்டான்.
வலது பக்கம் போனான்.
விளிம்பின் உட்புறமெல்லாம் கரிய கிரீஸ்
விசிறியடித்த மாதிரி.
மடிப்பு மடிப்பான ரப்பர் உறை
ஒரு மடிப்பில் வாய் பிளந்திருந்தது.
உள்ளே ஆறு எஃகுக் குண்டுகள்,
எண்ணெய் வற்றி, மணலை மென்றுகொண்டு.

இடது திரும்பினாத்தானே சத்தம்? என்றேன்.
பூன் ஹெங் இரண்டு தோளையும் வலப்பக்கம் சாய்த்து
கிட்டத்தட்ட விழுந்து காட்டினான்.
இடது போனா பாரம் யாருக்கு?
வலதுக்கு.
சுமக்கிறவன்தான் கத்துவான்.
ரப்பர் கிழவன், என்றான். தேய்மானம்.

புது ஆக்சில், இரண்டு மணி நேரம்.
நாங்கள் எதிரெதிரே உட்கார்ந்து
கோப்பி-ஓ குடித்தோம்.
அவன் பெண் உயர்நிலை மூன்றில் படிக்கிறாளாம்.
எனக்கு அதுகூடத் தெரியாது.
சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.
வண்டி ரெடி என்று கூப்பிட்டார்கள்.

அன்று மாலை மொட்டை மாடியில் மறுபடி வட்டம்.
இடது, இடது, இடது.
டயர் சிமெண்டில் உரசுவது மட்டும் கேட்டது.

இறங்குமுன் ரசீதின் முதுகில் எழுதினேன்:
மே மாதம். தோ பாயோ. மழை.
இடது முன்சக்கரம், நடைபாதைக் கல்.
அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.
ஆனாலும்.

விடியற்காலை
வேகமானியின் கண்ணாடியில் ஒட்டியிருந்தது பதில்:
தெரியும். கீறலுக்கு நான்தான் பெயிண்ட் அடித்தேன்.
பெட்ரோல் போடு.