ஒன்று குறைவு

கொடியில் எண்ணூற்றுப் பன்னிரண்டு என்று தைத்திருக்கிறார்கள்.
அரங்கின் உத்தரத்தில் தொங்குகிறது.
சூடேற்றி ஊதும்போது லேசாய் அசையும்.
என் புத்தகத்தில் எண்ணூற்றுப் பதினொன்று.

பகலில் நான் மருந்துக் கடைக்காரன்,
மாத்திரை எண்ணிப் பழகிய கை.
அதற்காகத்தான் ஸ்கோர் மேசையில் உட்காரவைத்தார்கள்,
வடக்கு டகோட்டாவின் முப்பத்து நான்கு பனிக்காலம்
பயிற்சியாளர் வெர்னா கோல்ஸ்டாடின் நாற்காலிக்கு ஆறடி தள்ளி.
அதில் அவள் உட்கார்ந்து பார்த்ததில்லை.

முதல் வருஷம் கல்லூரி கொடுத்தது
ஏழு பந்து; ஒன்றில் காற்று நிற்காது.
ஆண்கள் அணி விளக்கணைத்துப் போனபின்
இரவு ஒன்பதுக்குப் பயிற்சி.
வேனை அவளே ஓட்டினாள்.
காசு போட்டுத் துவைக்கும் கடையில்
பெண்களின் வெள்ளைச் சட்டைகளை அவளே துவைத்தாள்.
சாயம் இறங்கி எட்டாம் நம்பர் மட்டும்
சீசன் முழுக்க வெள்ளரிக்காய் நிறத்தில் ஓடியது.

இதையெல்லாம் பத்திரிகைக்காரர்கள் எழுதிவிட்டார்கள்.
ஒரு பிப்ரவரியை விட்டுவிட்டார்கள்.

எழுபத்தொன்பது. பனிப்புயல்.
எதிரணி இரண்டு காரில் கிளம்பி
ஒன்று பள்ளத்தில் சரிந்தது. யாருக்கும் காயமில்லை.
வந்து சேர்ந்தது நாலு பெண்கள்.
ஐந்து பேரில்லாமல் ஆட்டம் தொடங்காது.
நடுவர் கடிகாரத்தைக் காட்டினார்:
"இன்னும் பத்து நிமிஷம். பிறகு வெற்றி உங்களுக்கு."

வெர்னா தன் பெஞ்சைப் பார்த்தாள்.
கடைசியில் உட்கார்ந்திருந்த ஒல்லிப் பெண்ணைக் கடன் கொடுப்பாள் என்றுதான்
நான் நினைத்தேன்.
"டாக்னி, நீ அந்தப் பக்கம் போ."

டாக்னி ருஸ்டாட்.
ஆட்டத்துக்கு இருபத்தொரு புள்ளி போடுகிறவள்.
சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு போனாள்,
தையலெல்லாம் வெளியே தெரிய.

கடைசி நொடி. இடது மூலை.
பந்து வளையத்தைத் தொடாமல் இறங்கியது.
ஒரு புள்ளியில் தோற்றோம்.
வந்திருந்த அறுபது பேருக்கும்
கை தட்டுவதா கூடாதா என்று தெரியவில்லை.
தட்டினார்கள், கையுறையோடு.

சம்மேளனத்திலிருந்து கடிதம் வந்தது:
அந்த ஆட்டம் செல்லாது, வெற்றி உங்கள் கணக்கில்.
வெர்னா கடைக்கு வந்தாள், வழக்கம்போல் தொண்டை வில்லைக்கு.
"எமில், நீ என்ன எழுதியிருக்கிறாய்?"
"நடந்ததை."
"பென்சிலிலா?"
"மையில்."
சில்லறையை எண்ணி வைத்துவிட்டுப் போனாள்.

அதற்காக அவளைப் புனிதையாக்க மாட்டேன்.
தோற்ற இரவுகளில் வேனில் யாரும் பேசக்கூடாது,
நூற்றைம்பது மைல் ஆனாலும்.
தம்பியின் அடக்கத்துக்குப் போகாமல்
அரையிறுதிக்குப் போனாள். ஜெயித்தாள்.
அடுத்த மார்ச்சில் டாக்னியின் முழங்கால்
ரொட்டிபோல் உப்பியிருந்தது.
மருத்துவர் வேண்டாம் என்றதை நானும் கேட்டேன்.
இரண்டாம் பாதியில் இறக்கினாள்.
என் புத்தகத்தில் அந்தப் பெயருக்கு நேரே
நாலு நிமிஷத்துக்கு எண்கள்,
அப்புறம் காலிக் கட்டங்கள்.

டாக்னி இப்போது தானியக் கிடங்கில் எடை போடுகிறாள்.
மாதம் ஒருமுறை வலி மாத்திரைக்கு வருவாள்.
குளிரைப் பற்றிப் பேசுவோம், கோதுமை விலையைப் பற்றி.
ஆட்டம் இருக்கிற இரவுகளில் ரேடியோவைத் திறப்பதில்லை என்று
அவள் புருஷன் சொன்னான். நான் கேட்டுக்கொண்டேன், அவ்வளவுதான்.

கொடியை விரித்த இரவு
பழைய ஆட்டக்காரிகள் ஐம்பது பேர்,
சிலர் பேரக்குழந்தையோடு.
வெர்னா ஒலிபெருக்கியை அடித்துப் பார்த்து,
"தப்பாக எண்ணியிருக்கிறீர்கள்" என்றாள்.
அடக்கம் என்று நினைத்து எல்லாரும் சிரித்தார்கள்.
அவள் சிரிக்கவில்லை.
என் மேசைப் பக்கம் திரும்பி
ஒரு விரலை உயர்த்தினாள்.
பிறகு அதே விரல் இறங்காமலே
அவள் பார்வை கதவுக்குப் போயிற்று.

அங்கே கனத்த கோட்டில் ஒருத்தி,
ஒரு காலில் பாரம் சாய்த்து நின்றிருந்தாள்.
டாக்னியா?
என் கண் இப்போதெல்லாம் அவ்வளவு தூரம் எட்டாது.
பேனா மூடி திறந்தே இருந்தது.