தரிசு

அடங்கலில் ஆறு வருடமாக
ஒரே சொல்லைத்தான் எழுதி வந்தேன்: தரிசு.
எனக்கு முன்பிருந்த கிராம நிர்வாக அலுவலரும்
அதையேதான் எழுதியிருந்தார், கொஞ்சம் அழகான கையெழுத்தில்.

வாலிநோக்கத்துக்குத் தெற்கே
உப்பளம் முடிந்து கடல் தொடங்குமுன்
காற்று இழுத்துப்போட்ட மணல்மேடு.
இறால் பண்ணைக்குக் குத்தகை மனு வந்தபோது
எனக்குப் பேனா மூடியைத் திறக்கும் நேரம்தான் ஆனது.

ஆடியில் ஜேசிபி இறங்கியது.
வாளிப் பல்லில் சிக்கிய பனைவேரை நோண்ட
கீழே குதித்த சேதுக்கரசு கூப்பிட்டான்:
"சார், ஷூ லேஸ் நெளியுது."

ஒரு சாண் நீளம். நனைந்த உளுந்தின் நிறம்.
இரு முனையும் மொட்டை.
கண் இருக்கவேண்டிய இடத்தில், செதிலுக்கு அடியில்,
மை தீர்ந்த பேனா வைத்த இரண்டு புள்ளி.

"காதுக்குள்ள பூந்துரும், மிதி" என்றார் குத்தகைக்காரர்.
சேதுக்கரசு தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்தான்,
பாதிக்கு மணல் அள்ளினான், அதை உள்ளே விட்டான்.
ஏன்டா என்றேன் பிறகு.
"கையில எடுத்ததும் மண்ணத் தேடுச்சு சார்.
விரல் இடுக்கெல்லாம் தேடுச்சு."

மதுரையிலிருந்து வந்த ஜெசிந்தா
லென்ஸில் செதில் வரிசையை எண்ணினார்.
மறுபடி எண்ணினார்.
அப்புறம் மணலிலேயே உட்கார்ந்துவிட்டார்.
எங்கோ ஒரு ஜாடியில், சாராயத்தில், ஒற்றை உடல்;
சீட்டில் ஊர்ப்பெயர்கூடத் தப்பு.
நூற்றுப் பத்து வருடமாக யாரும் பார்க்கவில்லையாம்.

யாரும் என்றால், எழுதத் தெரிந்த யாரும்.
சுள்ளி பொறுக்க வந்த அந்தோணியம்மாள் எட்டிப் பார்த்து
"இதுவா? ஐப்பசி மழைக்கு
அடுப்புச் சாம்பல்ல வந்து கிடக்குமே" என்று
கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு போனாள்.

ஆட்சியர் தடை கொடுத்தார். பதினொரு மாதம்.
வெட்டிய குழி வெட்டினபடியே
உவர்நீர் ஊறிக் கிடக்கிறது.
கரையில் கொக்கு நிற்கிறது.
குத்தகைக்காரர் என்னைப் பார்த்தால்
டீக்கடையில் பெஞ்சு மாறி உட்கார்கிறார்.

இந்தப் பசலிக்கு அடங்கல் எழுத உட்கார்ந்தேன்.
கம்ப்யூட்டர் கொடுக்கும் பட்டியலில்
நெல் உண்டு, மிளகாய் உண்டு, சீமைக்கருவேலம் உண்டு.
காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்க மாட்டேன் என்கிறது.
தரிசு என்றே அழுத்திவிட்டேன்.

அன்று சாயங்காலம் மேட்டுக்குப் போனேன்.
ஏறுமுன் செருப்பைக் கழற்றினேன்.
கழற்றிய பிறகு சிரிப்பு வந்தது:
எண்பத்திரண்டு கிலோ,
செருப்போடும் செருப்பில்லாமலும்.
ஓரமாக நிற்கலாம் என்று பார்த்தேன்.
எது ஓரம் என்று தெரியவில்லை.