குறைக்கு இரட்டிப்பு

தறி ஓடும்போது யார் கூப்பிட்டாலும் காதில் விழாது.
அதனால் மாதேஸ்வரன் கூப்பிடுவதில்லை,
சன்னலுக்கு வெளியே நின்று
தபாலை ஆட்டிக் காட்டுவார்.
அன்றைக்குத் தபாலை ஆட்டவில்லை,
உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.

“பன்னெண்டு ரூவா குடுக்கோணும் அம்மிணி.”

நான் யாரிடமும் கடன் வாங்கவில்லையே என்றேன்.
உறையைத் திருப்பினார்.
நான்கு மூலையிலும் மஞ்சள்,
ஓரத்தில் நாலு ரூபாய்த் தலை,
அதன்கீழ் ஊதா மையில் ஒரு வட்டம்,
வட்டத்துக்குள் பேனாவால் எழுதிய பன்னிரண்டு.

கல்யாணப் பத்திரிகையை ஒட்டாமல் போட்டால்
அது புக் போஸ்ட், நாலு ரூபாய் போதுமாம்.
வாயை ஒட்டிவிட்டால் கடுதாசி.
இருபத்தேழு கிராம் கடுதாசிக்குப் பத்து ரூபாய்.
குறைவது ஆறு.
குறைக்கு இரட்டிப்பு.
“ஒட்டாம உட்டிருந்தா வம்பே இல்லீங்.
வேண்டாம்னா சொல்லுங்,
மறுத்துட்டாங்கன்னு எழுதி
வந்த வழிக்கே உட்டர்றேன்.”

வந்த வழி வெள்ளகோவில்.
முத்திரை பாதிதான் விழுந்திருந்தது,
எனக்கு அந்தப் பாதி போதும்.
மகள் பிறந்ததும் அந்த ஊருக்கு
ஒரு இன்லண்ட் லெட்டர் போட்டேன்.
மறுத்தார் என்று எழுதித் திரும்பி வந்தது,
கொண்டு வந்தவரும் இதே மாதேஸ்வரன்தான்.
அதற்கு ஒரு பைசாக்கூட குறைவில்லை.

பர்ஸில் பத்து இருந்தது.
மீதி இரண்டை அடுத்த தறி செல்வநாயகி நீட்டினாள்,
என்ன ஏது என்று கேட்காமல்.
அவர் என் கண் முன்னாலேயே
பன்னிரண்டு ரூபாய்க்குத் தலை ஒட்டி
பேனாவால் குறுக்கே கோடு கிழித்தார்.

பசை போதாமல் சோற்றுப் பருக்கையும் வைத்து
ஒட்டியிருந்தான் படுபாவி.
பிரித்தபோது ஒரு பருக்கை
பாவு நூல்மேல் விழுந்தது.

நல்லசிவம், என் தம்பி, மாப்பிள்ளை.
பெரியப்பா பேரன்வரைக்கும் அச்சில் இருக்கிறார்கள்.
என் பெயரை நான் தேடவில்லை என்று சொன்னால்
செல்வநாயகி நம்பமாட்டாள், இரண்டுதடவை பார்த்தாள்.

உள்ளே நோட்டில் கிழித்த தாள்,
எட்டாக மடித்தது.

அக்கா, இணைச்சீருக்கு சுமித்ராவை நிக்கச் சொல்லியிருக்காங்க.
நீ வந்துறாத, மண்டபத்துல சண்டையாயிரும்.
ஆனா முகூர்த்தம் எத்தனை மணிக்குன்னு
உனக்குத் தெரியோணும்.

மாப்பிள்ளைக்குப் பக்கத்தில்
கூடப்பிறந்தவள் நிற்கிற சீர் அது.
கூடப்பிறந்தவள் ஒருத்திதான்.

வா என்று அச்சடித்ததெல்லாம்
வாயைத் திறந்துகொண்டு
நாலு ரூபாயில் ஊர் ஊராய்ப் போயிருக்கும்.
வராதே என்பதற்குத்தான்
இரட்டிப்புக் கூலி,
அதையும் நானே கட்டியிருக்கிறேன்.
சிரிப்பு வந்தது. தறிச் சத்தத்தில்
எவ்வளவு சிரித்தாலும் வெளியே கேட்காது,
மற்றதும் அப்படித்தான்.

முகூர்த்தம் காலை ஐந்தே முக்காலுக்கு.
அப்போது எனக்கு நைட் ஷிப்ட் முடிய
கால்மணி நேரம் இருக்கும்.

வியாழக்கிழமை மணியார்டர் பாரம் வாங்கினேன்.
மண்டப விலாசம், நல்லசிவம் பெயர்.
நூற்றொன்று எழுதத்தான் போனேன்,
எண்பத்தொன்பது என்று எழுதினேன்.
செய்தி எழுதுகிற இடத்தை அப்படியே விட்டேன்.

மொய் எழுதுகிறவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கேட்பார்,
இதென்ன தொகைங், எந்த ஊர் வழக்கம் என்று.
கேட்கட்டும்.
பள்ளிபாளையம், கோகிலவாணி, எண்பத்தொன்பது
என்று நோட்டில் ஏற்றித்தான் ஆகவேண்டும்.
கடுதாசியை மறுப்பார்கள்,
வந்த மொய்யை மறுத்த ஆளை
எங்கள் பக்கம் நான் கண்டதில்லை.

தலை குறைந்தது தம்பிக்குத் தெரியாது.
நூற்றொன்றில் எது போச்சு என்று
மெதுவாகக் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்,
பி.காம். படித்தவன்தானே.

கமிஷன் ஐந்து ரூபாய் தனியாகக் கேட்டார்கள்.
அதை அவன் கணக்கில் பிடிக்கவில்லை.