மூன்று நிமிட உதை

மாதத்தின் முதல் சனிக்கிழமை.
வேல்ஸ் மலைச்சரிவில்
இடுப்புவரை ரப்பர் காற்சட்டை மாட்டிக்கொண்டு
நன்ட் கெர்வில் ஆற்றில் இறங்கி நிற்கிறேன்.
கரையில் தெக்வென், கையில் கடிகாரம்.
"உதை" என்கிறாள்.

ஆற்றை உதைப்பது
பார்ப்பவர்களுக்கு வேடிக்கைதான்.
அறுபத்தொரு வயது ஆள்,
மிட்டாய் கிடைக்காத பிள்ளைபோல
குதிகாலால் கூழாங்கற்களைப் புரட்டுகிறேன்.
கல்லடியில் ஒட்டிக் கிடப்பதெல்லாம்
பிடிவிட்டு
வலைக்குள் வரும்.
மூன்று நிமிடம்.
"போதும்."

வெள்ளைத் தட்டில் கவிழ்த்து
தேக்கரண்டியால் எண்ணுகிறோம்.
போன ஆண்டு இதே மாதம்
ஒருநாள் ஈசலின் குஞ்சுகள் நூற்றுப் பதினான்கு,
மூன்று வாலையும் விரித்துக்கொண்டு.
குச்சியால் வீடு கட்டும் புழு முப்பது.
கூனி எண்ணி மாளவில்லை.
இன்று
சிவப்பாய்ச் சில நெளிகின்றன,
ஓர் அட்டை,
இலைச்சக்கை.
தெக்வென் கண்ணாடியைத் துடைத்துவிட்டு
மறுபடி எண்ணினாள்.
இல்லாததை இரண்டு தடவை எண்ணுவது
கடினமான வேலை.

இங்கிருந்தே தெரிகிறது மேட்டுப் புல்வெளி.
அதற்கும் மேலே
நீளநீளமாய் ஆறு கொட்டகைகள்.
உள்ளே கோழிகள். விளக்கு அணைவதில்லை.
அந்தக் கோழிகளின் எருவை லாரியில் ஏற்றி
அந்தப் புல்வெளியில் இறைப்பவன்,
வாரத்தில் ஐந்து நாள்,
நான்.

செவ்வாய்க்கிழமை இறைத்தேன்.
புதன் மழை என்று வானொலி சொல்லியிருந்தது.
எம்லினிடம் சொன்னேன்.
"கொட்டகை நிரம்பி வழிகிறது,
என் படுக்கையிலா கொட்டுவது?" என்றான்.
கெட்டவன் இல்லை அவன்.
என் முழங்காலை அறுத்துத் தைத்தபோது
ஏழு வாரம் கூலி பிடிக்காமல் தந்தவன்.
புதன் மழை வந்தது.
சொன்ன பேச்சுக் கேட்கும் மழை:
கொடுத்ததை அப்படியே கொண்டுவந்து
இங்கே சேர்த்துவிட்டது.

படிவத்தில் ஒரு கட்டம்:
காரணம் தெரிந்தால் எழுதவும்.
எனக்குத் தெரியும் என்பது
தெக்வெனுக்குத் தெரியும்.
பேனாவை என் பக்கம் வைத்துவிட்டு
காப்பிக் குடுவையின் மூடியைத்
திருகிக்கொண்டே இருந்தாள்,
ஏற்கெனவே திறந்திருந்த மூடியை.

உண்ட வீட்டுக்கு இரண்டகம் கூடாது.
சரி.
எது நான் உண்ட வீடு?
எம்லின் தந்த காசில் ரொட்டி வாங்கினேன்.
தொண்டையில் சிக்கியபோதெல்லாம்
இந்தத் தண்ணீர்தான்
அதை உள்ளே இறக்கியது.

எழுதினேன்.
தேதி, வயலின் பெயர், எத்தனை நடை.
லாரி எண்ணை எழுதும்போது மட்டும்
எழுத்து கொஞ்சம் கோணியது.

சுற்றுச்சூழல் அலுவலக எண்ணைச் சுழற்றினால்
உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று
ஓர் இயந்திரம்.
பிறகு பியானோ.
பியானோவைக் காதில் வைத்தபடி
தட்டை ஆற்றில் திரும்பக் கொட்டப் போனேன்.
ஓரத்தில், நகத்துண்டளவு,
ஏதோ ஒன்று வாலை ஆட்டியது.
குனிந்து எண்ணினேன்:
மூன்று வால்.

தெக்வென் சைபரை அடித்துவிட்டு
ஒன்று என்று எழுதினாள்.
"ஒன்றும் அபாயக் கோட்டுக்குக் கீழேதான்,
தொலைபேசியை வைத்துவிடாதே."
வைக்கவில்லை.
சட்டைப்பையில்
திங்கட்கிழமைக்கான லாரிச் சாவி
ஈரமாக இருந்தது.

பியானோ சட்டென்று நின்றது.
மறுமுனையில் ஒரு சின்னப் பெண்,
தூரத்து ஊர்க்காரி போலும்.
ஆற்றின் பெயரை
எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொன்னாள்.
சொன்னேன்.
தெரிவிப்பவர் பெயர்?
அதையும்,
ஒவ்வோர் எழுத்தாக.