மறுப்பு, 03:12

வெளியே அட்லாண்டிக் கூரையைப் பிய்க்கப் பார்க்கிறது.
ட்வோரோய்ரி மருத்துவமனை, அடித்தளம், என் இரவுப் பணி.
சுவரெல்லாம் கான்கிரீட்தான்;
எங்கள் அலைகளுக்கு அது மீன்வலை.
வாசலில் நிற்கும் எந்தக் காரும்
பிரசவ அறை வரை ஒட்டுக் கேட்கலாம்.

கேட்கட்டும்.
உட்கூரையில் ஒட்டிய வெள்ளைத் தட்டு ஓர் எண்ணை வீசும்,
கருவி ஓர் எண்ணைத் திருப்பி வீசும்.
மூடிய கைக்குள் அவற்றை எதோடு பிசைகிறார்கள் என்று
காற்றுக்குத் தெரியாது.
உதடு பிரியாமல் ஆளை அறிவது:
சீட்டாட்டத்தில் கூட்டுக் களவாணிகள் இதை நன்றாகச் செய்வார்கள்.

போன மாதம் துறைமுகத்தில் ஒரு வேன்,
எங்கள் பெயரையே வைத்துக்கொண்டு,
எங்களைவிட உரக்க.
மருந்தேற்றும் பம்பு ஏழு, அதனிடம் சான்றிதழ் கேட்டது.
வேன் இருமியது.
பம்பு முகத்தைத் திருப்பிக்கொண்டது.
நோயாளி புரண்டுகூடப் படுக்கவில்லை.

முன்பெல்லாம் எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல்,
செவிலியர் அறையில், மஞ்சள் தாளில்.
ஒருவர் விலகினால் அத்தனை பேருக்கும் மாற்ற வேண்டும்,
அதனால் மாற்றவே இல்லை.
இப்போது ஆளுக்கொரு சாவி.
ஒன்றை முறித்தால் மற்றதில் கீறல் விழாது.

பிப்ரவரி ஒன்பதில் நான் முறித்தது ஹெய்னியின் சாவி.
படகு திரும்பி நான்கு நாள். படகு மட்டும்.
காரணம் என்ற கட்டத்தில் மூன்று தேர்வுகள்:
தொலைந்தது, களவுபோனது, பணி முடிந்தது.
முதலாவதன் மேல் சற்று நின்று
மூன்றாவதைச் சொடுக்கினேன்.

இன்று 03:12, ஹெய்னியின் கைபேசி.
மறுப்பு.
03:13, மறுப்பு. 03:15.
இரண்டாம் தளம், காத்திருப்பு அறை.

சாவி அசல், கை வேறு.
இயந்திரம் செய்தது சரி.
அதை மீற ஒரு பொத்தான் என்னிடம் உண்டு;
விரல் அதுவரை போய்த் திரும்பியது.

படியேறினேன். சுன்னேவா உட்கார்ந்திருந்தாள்,
உள்ளே மகளுக்கு ஒன்பதாவது மணி நேர வலி,
மடியில் அவன் கைபேசி, சார்ஜ் நிரம்ப.
"அவனுக்குப் பழகிய இடமாச்சே, ரான்வா,
தானாகச் சேர்ந்துகொள்ளும் என்று நினைத்தேன்."

விருந்தினர் சீட்டு ஒன்றைக் கிழித்துக் கொடுத்தேன்.
எட்டு எழுத்து, நாளை நண்பகல் வரை.
அவள் கண்ணாடியைத் தேடினாள், கிடைக்கவில்லை.
ஒவ்வொரு எழுத்தாக நானே படித்தேன்,
சத்தமாக,
வேலையில் சேர்ந்த அன்றே செய்யாதே என்றார்கள்,
அறையில் வேறு யாருமில்லை,
புயலைத் தவிர.