கரண்ட் இல்லாத நாள்

மோனிஷ் மறுபடி கடித்துவிட்டான்.
இந்தத் தடவை ஹேமாவதியின் தோளில்.
சட்டையை விலக்கிக் காட்டினார் டீச்சர்:
எதிரெதிரே இரண்டு பிறை.

"ஃபேன் ஓடாத நாளில்தான் கடிக்கிறான்.
புழுக்கம் தாங்கலையோ என்னவோ" என்றார்.
"வீட்டில் ஏதாவது?"
ஏமீ லேது என்றேன். பிறகு தமிழிலும்
ஒன்றுமில்லை.

பள்ளிப்பட்டில் கரண்ட் போனால்
தெருவே காது.
விடியலிலிருந்து இருபது வீட்டுத் தறியும் நின்றிருந்தன.
சுவரைப் பார்த்துப் படுத்தபடி அவர்
யாருக்கோ வட்டிக்கணக்கு சொன்னதும்,
திருப்பதி ஆஸ்பத்திரி மாத்திரையைத்
துப்பிவிட்டாரென்று நான்
செத்தாவது தொலையேன் என்றதும்
இட்லியோடு அவன் தட்டில் விழுந்திருக்கும்.
மற்ற நாளில் இதெல்லாம்
தறிச் சத்தத்துக்கு அடியில் போய்விடும்
என்றிருந்தேன்.

நகரி பஸ் போகும்வரை ஓரமாய் நின்றோம்.
"இன்னைக்குத் தறி ஓடுமா?"
ஓடும் என்றேன்.
என் விரலில் அவன் பிடி தளர்ந்தது.

ராத்திரி பத்துக்குக் கரண்ட் வந்தது.
ஓட்டினேன்.
நூல் அறுந்து நிறுத்திய ஒரு நிமிடத்தில்
உள்ளே
எலி எதையோ கொறிப்பதுபோல் கேட்டது.
போய்ப் பார்த்தேன்.
தூக்கத்தில் அவன்
பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான்.
எத்தனை நாளாகவோ.

நூலை முடிந்தாயிற்று.
கை சுவிட்சில் இருக்கிறது.